மட்சாவா, சென்ச்சாவா, ஹோஜிச்சாவா: ஜப்பானியத் தேயிலையில் எதை வாங்குவது?

ஜப்பானுக்குச் சென்று திரும்பவிருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ “வரும்போது கொஞ்சம் தேயிலை வாங்கி வாருங்கள்” என்று சொல்லிவிடுவது எளிது. அது எவ்வளவு தெளிவற்ற வேண்டுகோள் என்பது, கியோத்தோவின் தேயிலைக் கடையொன்றில் அடுக்கடுக்கான டப்பாக்களுக்கு முன் நிற்கும் அந்த மனிதருக்குத்தான் புரியும். மட்சா, சென்ச்சா, கியோகுரோ, ஹோஜிச்சா, கென்மாய்ச்சா என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. அத்தனையும் அசாமிலும் நீலகிரியிலும் விளைகிற அதே தேயிலை இனத்தின் இலைகளே என்றாலும், வளர்க்கும் முறையும் பதப்படுத்தும் முறையும் வேறுபடுவதால், குடிக்கும்போது அவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தோன்றும். குழம்பிப்போனவர் பெரும்பாலும் உலகமே உச்சரிக்கும் பெயரான மட்சாவை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார். அந்த முடிவு பல வீடுகளுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

ஜப்பானியப் பச்சைத் தேயிலைகள் அனைத்துக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் பாலில் கலந்து குடிக்கும் கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாடவிட்டு, நசுக்கி, காற்றோடு வினைபுரிய விடுகிறார்கள். அதன் நிறமும் கடுப்பும் அங்கிருந்து வருகின்றன. சீனாவில் பெரும்பாலும் கொழுந்தைச் சூடான இரும்புச் சட்டியில் வாட்டி அந்த வினையை நிறுத்துகிறார்கள். ஜப்பானிலோ பறித்த கையோடு நீராவியில் வேகவைத்து நிறுத்துகிறார்கள். வெந்த கீரையையும் கடற்பாசியையும் நினைவூட்டும் மணம் அதனால் உண்டாகிறது. முதன்முறை குடிப்பவர் முகம் சுளிப்பதும் பெரும்பாலும் இந்த மணத்துக்காகத்தான். அடுத்தது வெயில். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின் என்னும் அமினோ அமிலம், வெயில் படப்படத் துவர்ப்புத் தரும் கேட்டச்சின்களாக மாறுகிறது. செடியை மூடி வெயிலை மறைத்தால் இந்த மாற்றம் குறைந்து, துவர்ப்பு அடங்கி, உமாமி என்னும் ரசம் போன்ற சுவை மேலெழும். 1908-இல் தோக்கியோவில் வேதியியலாளர் இக்கேதா கிகுனாயே கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றில் கண்டறிந்து பெயரிட்ட அதே சுவையைத்தான் இங்கே குறிப்பிடுகிறேன். தியானின் வெதுவெதுப்பான நீரிலேயே இறங்கிவிடும். கேட்டச்சினும் காஃபினும் கொதிநீரில்தான் தாராளமாக இறங்கும். ஆகவே தண்ணீரை ஆறவைத்துக் காத்திருக்கும் பொறுமை வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்ற கேள்வியும் இந்தத் தேர்வுக்குள் வந்துவிடுகிறது.

மட்சாவில் இலையை ஊறவைத்து வடிகட்டுவதில்லை, இலையையே குடித்துவிடுகிறோம். பறிப்பதற்கு முன் ஏறத்தாழ மூன்று வாரங்கள் தோட்டத்தைக் கறுப்பு வலையால் மூடிவைக்கிறார்கள். பழைய முறையைக் கைவிடாத சிலர் இன்றும் நாணற்பாயும் வைக்கோலும் பரப்புவதுண்டு. வேகவைத்த கொழுந்தை உருட்டாமல் அப்படியே உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கினால் கிடைப்பது தென்ச்சா. அதைக் கல் திரிகையில் அரைத்தால் மட்சா. நம் பாட்டிமார் உளுந்து உடைத்த திரிகையின் அமைப்புதான் அதற்கும். ஆனால் விரைந்து சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும் என்பதால், ஒரு திரிகை மணிக்குச் சுமார் 40 கிராம் பொடிதான் தருகிறது. ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் தேவை என்று கொண்டால், ஒரு மணி நேர அரைப்பு இருபது கிண்ணங்களுக்குத்தான் வரும். உயர்தர மட்சாவின் விலைக்கு நிழலும் கைவேலையும் போலவே இந்த நிதானமும் ஒரு காரணம்.

அண்மைய ஆண்டுகளில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. உலகெங்கும் மட்சா மோகம் பரவியதில், 2024 இலையுதிர் காலத்தில் கியோத்தோவின் இப்போடோ, அதன் அருகிலுள்ள தேயிலை ஊரான உஜியின் மருக்யூ கோயாமாயென் போன்ற பழம்பெரும் கடைகளே விற்பனைக்கு வரம்பு விதிக்க நேர்ந்தது. தென்ச்சா உற்பத்தி பத்தாண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. புதிதாக நட்ட செடி முழு விளைச்சலுக்கு வர ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆகும். இன்னொரு பக்கம், தேயிலை பயிரிடுவோரின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது; எஞ்சியவர்களிலும் முதியவர்களே மிகுதி. ஆகவே இன்று மட்சா வாங்குபவர் தரத்துக்கு மட்டுமல்லாமல் தட்டுப்பாட்டுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

கொடுக்கும் விலைக்கு ஏற்ற பொருள் கிடைக்கிறதா என்பதிலும் ஏமாற இடமுண்டு. “சடங்குத் தரம்” என்று வெளிநாட்டுச் சந்தையில் டப்பா மீது அச்சிடுகிறார்களே, அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது. யாரும் எதன் மீதும் அதை அச்சிட்டுக்கொள்ளலாம். ஜப்பானியக் கடைக்காரர் கேட்பது வேறு கேள்வி: கெட்டியாகக் குழைக்கும் கொய்ச்சாவுக்கா, நுரை எழுப்பிக் குடிக்கும் உசுச்சாவுக்கா, பலகாரம் செய்வதற்கா? மேலும், வெயிலில் வளர்ந்த சாதாரண இலையைப் பொடித்து விற்கும் பச்சைத் தேயிலைத் தூளும் கடைகளில் உண்டு. சுழல்பட்டையில் தட்டுகள் ஊர்ந்து வரும் சுஷிக் கடைகளில் மேசை மீது வைத்திருப்பதும் பெரும்பாலும் இத்தகைய தூள்தான். அதில் குற்றமில்லை, மட்சா என்று நம்பி மட்சாவின் விலையைக் கொடுப்பதில்தான் நட்டம்.

இந்தப் பொடியை ஒரு பண்பாடாக்கிய கதை நீண்டது. 1191-இல் சீனாவிலிருந்து திரும்பிய துறவி எய்சாய், தேயிலை விதைகளையும் பொடித்துக் கலக்கிக் குடிக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார் என்பது மரபு. 16-ஆம் நூற்றாண்டில் தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூ அதைச் சிறு குடிலுக்குள் நிகழும் எளிய விருந்தோம்பலாகச் செதுக்கினார். அந்த விருந்தோம்பலில் மட்சாவில் சர்க்கரை கலப்பதில்லை. முதலில் இனிப்புப் பலகாரத்தை உண்டு முடித்து, நாவில் இனிமை நிற்கும்போதே கசப்பைப் பருகுவார்கள். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பவருக்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை. இவ்வாறு குடிக்க எண்ணுபவர் நல்ல மட்சாவை வாங்கலாம். சர்க்கரையும் ஒரு குவளைப் பாலும் ஊற்றிக் குடிக்க எண்ணுபவர் உயர்ந்த வகையை வாங்குவது, காஞ்சிப் பட்டை உள்பாவாடைக்குக் கிழிப்பதற்கு ஒப்பு. பாலுக்குக் கீழ்த்தரத்தின் கசப்பே எடுப்பாக நிற்கும்.

கருவிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூங்கிலால் செய்த சாசென் என்னும் கடைகோல் இல்லாமல் பொடி கட்டிதட்டும். சலிக்க ஒரு சிறு சல்லடையும் தேவை. திறந்த டப்பாவை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அதற்குமேல் பச்சை நிறம் மங்கி, வைக்கோல் வாடை வந்துவிடும். ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த கடலோர ஊர்களில் அந்த ஒரு மாதமே தாராளக் கணக்கு. நாள் தவறாமல் குடிப்பவருக்கு இது தடையல்ல. விருந்தினர் வரும்போது மட்டும் எடுக்கலாம் என்று நினைப்பவருக்கு மட்சா தவறான தேர்வு.

பாலும் சர்க்கரையும் கலந்த ஜப்பானியத் தேநீரை நம் காலத்துக் கலப்படம் என்று தூய்மைவாதிகள் குறைபட்டுக்கொள்வதுண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 1859-இல் யோக்கோஹாமா துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு, பட்டுக்கு அடுத்தபடியாக ஜப்பான் ஏற்றுமதி செய்த முதன்மையான பொருள்களுள் பச்சைத் தேயிலையும் ஒன்று. அதன் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்கர்கள் அதில் பாலும் சர்க்கரையும் சேர்த்தே குடித்தார்கள். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜப்பானும் இலங்கையும் தனித்தனியே தேநீர் பரிமாறி வாடிக்கையாளரைப் பிடிக்கப் போட்டியிட்டன. அந்தப் போட்டியில் இறுதியில் வென்றவை இந்திய, இலங்கைக் கறுப்புத் தேயிலைகள். தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் கிள்ளிய கொழுந்து, பசிபிக்கின் அக்கரையில் ஜப்பானின் ஷிசுவோக்கா வட்டார விவசாயியின் சந்தையைப் பறித்தது என்பது இரு தரப்பினரும் அறிந்திராத ஓர் உறவு. சந்தையை இழந்த தயாரிப்பாளர்கள் உள்நாட்டை நோக்கித் திரும்ப, அதுவரை முற்றிய இலையில் செய்த பான்ச்சாவையே அன்றாடம் குடித்துவந்த எளிய ஜப்பானிய வீடுகளில் சென்ச்சா பரவியது. இன்று “பழங்கால ஜப்பானிய வழக்கம்” என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி, 20-ஆம் நூற்றாண்டில் விற்காமல் தேங்கிய சரக்கின் விளைவு.

அந்தச் சென்ச்சாதான் மட்சாவுக்கு அடுத்து நாம் பார்க்க வேண்டியது. உஜிக்கு அருகில் வாழ்ந்த நாகாத்தானி சோயென், கொழுந்தை ஆவியில் வேகவைத்து, சூட்டில் கையால் உருட்டி உருட்டி ஊசி போல உலர்த்தும் முறையை 1738-இல் வகுத்தார். தண்ணீரில் விழுந்ததும் அந்த ஊசிகள் விரிந்து மீண்டும் இலையாவதைப் பார்ப்பதே ஓர் இன்பம். ஜப்பானின் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பகுதியை யபுக்கித்தா என்ற ஒரே செடிவகை நிரப்பியிருக்கிறது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த ஷிசுவோக்காவை, சமவெளிகளில் எந்திரங்களால் பறிக்கும் தெற்கத்திய ககோஷிமா 2024-இல் உற்பத்தியில் முந்திவிட்டது. வாங்குபவருக்கு இதில் ஒரு செய்தி உண்டு: ஊர்ப் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முதல் பறிப்பா என்பது. ஏப்ரல் இறுதி, மே மாதங்களில் பறிக்கும் அந்தக் கொழுந்து ஷின்ச்சா, அதாவது புதுத்தேயிலை, என்ற பெயரில் கொண்டாட்டத்தோடு வருகிறது. மற்றொன்று வேக்காடு. புக்காமுஷி எனப்படும் ஆழ்வேக்காட்டுச் சென்ச்சாவை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் வேகவைக்கிறார்கள். இலை நொறுங்கி, சாறு கலங்கலாக இறங்கும், துவர்ப்பு குறையும், தண்ணீரின் சூட்டில் சற்றுப் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். புதியவருக்கு இதுவே நல்லது.

சென்ச்சாவுக்கு 70 முதல் 80 பாகை செல்சியஸ் சூடும் ஒரு நிமிட ஊறலும் போதும். வெப்பமானி வேண்டியதில்லை: கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் ஏறக்குறைய பத்துப் பாகை இறங்கும் என்பது ஜப்பானியரின் கைக்கணக்கு. டவராவும் டம்ளரும் உள்ள வீட்டில் இந்த வித்தைக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. அதே இலையில் இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் நீர் ஊற்றலாம் என்பதால், கிண்ணத்துக்கு ஆகும் செலவில் சென்ச்சா மட்சாவைவிட மிகவும் மலிவு. ஆனால் தண்ணீர் கடினமானதாக இருந்தால் எவ்வளவு நல்ல சென்ச்சாவும் மங்கிவிடும். ஜப்பானிய நீர் பொதுவாக மென்மையானது. ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டுவிட்டு இலையைக் குறை சொல்வது நியாயமன்று.

கியோகுரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மட்சாவுக்குப் போலவே நிழலில் வளர்த்து, சென்ச்சாவைப் போலவே உருட்டி உலர்த்தியது. 50, 60 பாகையில், மிகக் குறைந்த நீரில், சொட்டுச் சொட்டாக அருந்துவது; சுவை தேநீரைவிட ஒரு நல்ல ரசத்துக்கு நெருக்கம். விலையும் காஃபினும் உச்சத்தில் இருக்கும். சென்ச்சாவில் ஓராண்டு பழகிய பிறகு யோசிக்கலாம்.

நம் நாவுக்கு மிக எளிதாக இணங்குவது ஹோஜிச்சா. முற்றிய இலையையும் காம்பையும் அதிக சூட்டில் வறுத்தெடுத்தது அது; பழுப்பு நிறம், காப்பிக்கொட்டையும் வேர்க்கடலையும் வறுபடும் இடத்தைக் கடந்துபோகும்போது வீசும் வாசனை. வறுப்பதால் பச்சை வாடையும் துவர்ப்பும் பெருமளவு போய்விடுகின்றன. கொதிநீரை அப்படியே ஊற்றி அரை நிமிடத்தில் வடித்துவிடலாம். பால் சேர்த்தாலும் தன் குணத்தை இழக்காது. எண்ணெயில் பொரித்த பலகாரத்துக்குப் பின் குடித்தால் வாய் சுத்தமாகும். தரம் குறைந்த இலைக்குக் கிடைத்த மறுவாழ்வு என்று சிலர் இதை இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. கியோத்தோவின் தேயிலைக் கடைகள் வாசலிலேயே வறுத்து, அந்த மணத்தாலேயே தெருவில் போவோரை உள்ளே இழுக்கின்றன என்பதை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கென்மாய்ச்சா இதன் அடுத்த வீடு: பச்சைத் தேயிலையோடு ஏறக்குறைய சம அளவு வறுத்த அரிசி கலந்தது. இடையிடையே வெண்பொரிகளும் தெரியும். அரிசி வறுபட்ட மணம் நமக்கு அந்நியமானதன்று என்பதால், பச்சைத் தேநீரை விரும்பாத முதியவர்களும் இதை ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இரவில் குடிப்பதற்கும் குழந்தைகளுக்கும் ஹோஜிச்சாவில் காஃபினே இல்லை என்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். ஜப்பானியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் உணவுச்சத்து அட்டவணையின்படி, வழக்கமான முறையில் வடித்த 100 மில்லிலிட்டர் சென்ச்சாவில் 20 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. ஹோஜிச்சாவிலும் அதே 20. உண்மையில் குறைவானது பாதி அரிசியாக உள்ள கென்மாய்ச்சா, அதில் 10. காப்பியில் 60, கியோகுரோவில் 160. மட்சாப் பொடியின் எடையில் ஏறத்தாழ 3.2 விழுக்காடு காஃபின் என்பதால், 2 கிராம் போட்ட ஒரு கிண்ணத்தில் 64 மில்லிகிராம் வந்துவிடுகிறது. மாலை ஆறு மணிக்குக் காப்பி குடித்தால் தூக்கம் வராது என்பவர், அதே மாலையில் மட்சா குடித்துவிட்டு அமைதியை எதிர்பார்ப்பது வேடிக்கைதான். இன்னொன்று, எந்தத் தேயிலையின் கேட்டச்சினும் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ளவர்கள், குறிப்பாகச் சைவ உணவுக்காரர்கள், சாப்பாட்டோடு குடிக்காமல் ஓரிரு மணி நேர இடைவெளி விடுவது நல்லது.

ஜப்பானியக் கறுப்புத் தேயிலையான வாக்கோச்சாவும் கடைகளில் கண்ணில் படும். 1876-இல் ஜப்பானின் அன்றைய மெய்ஜி அரசு தாதா மோத்தோகிச்சி என்பவரை இந்தியாவுக்கு அனுப்பி, கறுப்புத் தேயிலைச் செய்முறையைக் கற்றுவரச் செய்தது. இங்கிருந்து அவர் கொண்டுசென்ற விதைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் ஷிசுவோக்காவில் வளர்கின்றன. கதை சுவையானது, தேநீரும் மென்மையானது. ஆனால் நம் பால் டீயின் வலுவை அதில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். அடைத்த தேநீரும் ஒரு தெரிவுதான். இத்தோ என் நிறுவனம் 1985-இல் டப்பாவில் அடைத்த பச்சைத் தேநீரை அறிமுகப்படுத்தி, 1989-இல் அதற்கு “ஓய் ஓச்சா” என்று பெயர் மாற்றியது. ஜப்பானியர் பலர் இன்று பச்சைத் தேநீரைக் குடிப்பது மட்சாக் கிண்ணத்தில் அன்று, சர்க்கரை சேர்க்காத இத்தகைய புட்டிகளில்தான். எனினும் கிலோக்கணக்கில் தண்ணீரைச் சுமந்துகொண்டு விமானம் ஏற யாரும் விரும்பமாட்டார்கள்.

ஆகவே ஊருக்குத் திரும்பும் அந்த உறவினருக்கு நான் எழுதி அனுப்பும் சீட்டு இப்படியிருக்கும்: ஹோஜிச்சா 100 கிராம், முதல் பறிப்பு ஆழ்வேக்காட்டுச் சென்ச்சா 100 கிராம். வீட்டில் முதியவர் இருந்தால் ஹோஜிச்சாவில் பாதியைக் கென்மாய்ச்சாவாக மாற்றிக்கொள்ளலாம். காலையில் காப்பியை விட்டுவிட்டு நாள்தோறும் ஒரு கிண்ணம் மட்சா குடிப்பேன் என்று உறுதியாக இருப்பவர் மட்டும் 20 கிராம் டப்பா ஒன்றும், ஒரு சாசெனும் சேர்த்துக் கேட்கலாம். அது பத்துக் கிண்ணம் வரும், பழக்கம் நிலைக்குமா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு போதும். எதை வாங்கினாலும் பிரிக்காத பொட்டலத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்த உடனே திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த இலை மீது காற்றின் ஈரம் படிந்து, ஜப்பானிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்த சரக்கு நம் சமையலறை மேடையிலேயே நமுத்துப்போகும்.